கருநீல மை: ஒரு பெயரும் பல நிறமும்

சொந்த ஊரில் வாழ்கின்றவனுக்கு அவன் யார் என்பதை அவ்வூரே சொல்லும். வயலின் வரப்பும், கோயில் திருவிழாவில் அவன் குடும்பத்துக்குரிய இடமும், பக்கத்து வீட்டு முதியவரின் நினைவும் அவனுக்குச் சான்றுகளாகும். பிழைப்பின் பொருட்டு ஆயிரம் மைல் கடந்து வந்து, வங்க மண்ணில் ரயில்வே காலனி வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் நம்மனோர்க்கு அத்தகைய சான்றுகள் இல்லை. நமக்குத் தாளே சான்று. பிறந்த நாள், பள்ளிச் சான்றிதழ், பணியிற் சேர்ந்த நாள், மனைவி மக்களின் பெயர் ஆகிய அனைத்தும் ஏதோ ஓர் ஏட்டில், யாரோ ஒருவர் கையால் எழுதப்பெற்றவை. அத்தாளைச் சான்றாக்குவது அதன்மேற் படிந்த மை. ஆகவே மையின் வரலாற்றைச் சிறிது ஆராய்வது நம் சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பொருந்தாத செயலன்று எனக் கருதுகின்றோம்.

மைகளுள்ளும் ஒன்றையே ஈண்டு எடுத்துக்கொள்வோம். அது, புட்டியின்மேல் ‘புளூ-பிளாக்’ என்று அச்சிட்டு விற்கப்பெறும் கருநீல மை.

பெயர் ஒன்று, நிறம் பல

கருநீலம் என்னும் இப்பெயரை நம் நாட்டு நிறுவனங்களும் அயல்நாட்டு நிறுவனங்களும் ஒருங்கே வழங்கி வந்துள்ளன. புட்டியினுள் நோக்கினால் எல்லாம் ஒன்றுபோல் இருண்டே தோன்றும். தாளில் எழுதிப் பார்த்தால் வேற்றுமை புலனாகும். ஜெர்மானியப் பெலிக்கான் 4001 வரிசையிலுள்ள கருநீலம், சாம்பல் படிந்தாற்போன்ற அடக்கமான நீலம். பார்க்கர் நிறுவனத்தாரின் குவிங்க் கருநீலம், நாட்கள் செல்லச் செல்லப் பசுமை கலந்த சாம்பல் நிறத்தை நோக்கி வெளிறுவது. வாட்டர்மேன் கருநீலமோ மயிற்கழுத்தின் சாயலை உடையது. அதன் நிறத்திற்கும் பெயருக்கும் உள்ள தொலைவைத் தாமே உணர்ந்தார் போலும். அந்நிறுவனத்தார் அண்மைக் காலத்தில் அதன் பெயரை ‘மிஸ்டீரியஸ் புளூ’, அதாவது மர்ம நீலம், என மாற்றிவிட்டனர்.

இவற்றுள் எது உண்மையான கருநீலம்? கண்ணால் மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு இக்கேள்விக்கு விடை கிடைப்பது அரிது. ஏனெனில், கருநீலம் என்பது தொடக்கத்தில் ஒரு நிறத்தின் பெயரே அன்று. அது ஒரு நிகழ்ச்சியின் பெயர். முதலில் நீலமாக இருந்து பின்னர்க் கறுப்பாக மாறுவது என்பதே அதன் பொருள். இதனை விளக்க, மையின் பழங்கதையை அறிதல் வேண்டும்.

மாசிக்காயும் அன்னபேதியும்

பழங்காலத்து மைகள் இருவகைப்படும். ஒன்று விளக்குக் கரியால் ஆயது. எழுத்தாணியால் ஓலையிற் கீறிய நம் முன்னோர், அக்கீறலில் கரியைத் தடவி எழுத்தைத் தெளிவாக்கினர். வடநாட்டிலும் சீனத்திலும் கரியைப் பிசினோடு குழைத்துத் தாளில் எழுதினர். கரி மை வெயிலுக்கு வெளிறாது. ஆயினும் அது தாளின் மேற்பரப்பில் மட்டும் தங்குவது. ஈரம் பட்டால் கலையும் இயல்புடையது.

மற்றொன்று இரும்பு மை. மேலைநாடுகளில் ஆயிரம் ஆண்டுகட்கு மேலாக ஆட்சி செலுத்தியது இதுவே. நான்காம் நூற்றாண்டைச் சார்ந்த சினாய் விவிலிய ஏடும் இம்மையினால் எழுதப்பெற்றதே. இதற்கு வேண்டிய பொருள்கள் மூன்று. அவற்றின் பெயரைக் கேட்டால் நம் வீட்டுப் பெண்டிர் வியப்படைவர். முதலாவது மாசிக்காய், குழந்தைகட்கு உரைமருந்து இழைக்கும் பாட்டியின் மருந்துப் பெட்டியில் உள்ள அதே மாசிக்காய்தான். காய் என்பது பெயரளவே. ஓக் மரத்தின் தளிரில் ஒருவகைக் குளவி முட்டையிட, அவ்விடத்தே மரம் வீங்கி உருண்டையாகி இறுகுவதே மாசிக்காய். அதில் துவர்ப்புச் சத்து மிகுதி. இரண்டாவது அன்னபேதி, நாட்டு மருந்துக் கடையில் பச்சை நிறக் கட்டியாக விற்கும் இரும்பு உப்பு. மூன்றாவது பிசின்.

துவர்ப்புச் சத்தும் இரும்பும் கூடினால் கறுப்பு பிறக்கும். கடுக்காய்த்தூளை இரும்புச் சட்டியில் ஊறவைப்போர் இதனை நேரிற் கண்டிருப்பர். ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. புதிதாகக் கலந்த மையில் அக்கறுப்பு முழுவதும் தோன்றுவதில்லை. எழுதும்போது எழுத்து வெளிறியே இருக்கும். தாளின் இழைகட்குள் மை ஊறிய பின்னர், காற்றிலுள்ள பிராணவாயு அதனைத் தாக்கும்போதுதான் எழுத்து மெல்ல மெல்லக் கறுக்கும். அக்கறுப்பு நீரிற் கரையாதது. அது தாளின்மேல் ஒட்டியிருப்பதன்று. தாளின் உள்ளேயே பிறந்தது. இரும்பு மையின் வலிமை இதுவே.

நீலம் வந்த காரணம்

வலிமை இருந்ததே ஒழிய வசதி இல்லை. புதிய மை வெளிறியிருந்தமையால், எழுதுவோன் தான் எழுதியதைத் தானே படிக்க இடர்ப்பட்டான். மையை முன்னரே காற்றில் வைத்துக் கறுக்கச் செய்தாலோ, புட்டியின் அடியில் கசடு படிந்தது. இவ்விரு தொல்லைகட்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மை வணிகர் ஓர் வழி கண்டனர். கறுக்காத புதிய மையிலேயே சிறிது நீலத்தைக் கலந்தனர். எழுதும்போது நீலம் கண்ணுக்கு வழி காட்டும். பின்னர் இரும்பு கறுத்துத் தன் கடமையை மேற்கொள்ளும். நீலம் இடைக்காலக் காவலன். இரும்பே நிலையான உரிமையாளன். இங்கிலாந்தில் ஹென்ரி ஸ்டீபன்ஸ் என்னும் மருத்துவர் 1832இல் ‘கருநீல எழுதுநீர்’ செய்து விற்கத் தொடங்கினார். மருத்துவம் பயின்ற நாளில் கவிஞர் கீட்சுடன் ஒரே விடுதியில் தங்கியிருந்தவர் இவர் என்பது சுவையான செய்தி.

அந்நாளில் மைக்கு உதவிய நீலங்களுள் ஒன்று அவுரி நீலம். அவுரி என்றதும் வங்கத்தில் வாழும் நாம் 1859ஆம் ஆண்டின் நீலக் கிளர்ச்சியை நினையாதிருத்தல் இயலாது. உண்ண நெல் விளைய வேண்டிய நிலத்தில் அவுரி விதைக்குமாறு வற்புறுத்தப்பட்ட உழவர் வெகுண்டெழுந்த வரலாறு அது. 1917இல் காந்தியடிகள் பீகாரின் சம்பாரணுக்குச் சென்றதும் அதே அவுரிக் கொடுமையின் பொருட்டே. 1856இல் வில்லியம் பெர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தார். 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். நிறுவனம் செயற்கை அவுரி நீலத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. வயலில் விளைந்த நீலம் ஆலையில் விளையலாயிற்று. மையில் கலக்கும் சாயமும் மலிந்தது.

ஜெர்மானிய வேதியியலார் ஸ்க்லுட்டிக், நியூமன் ஆகிய இருவரும் 1890இல் இரும்பு மைக்கு ஓர் அளவுகோல் வகுத்தனர். ஒரு லிட்டர் மையில் டானின் 23.4 கிராம், காலிக் அமிலம் 7.7 கிராம், அன்னபேதி 30 கிராம், பிசின் 10 கிராம், உடன் சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கார்பாலிக் அமிலமும் இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் கணக்கு. பிற மைகளைச் சோதிக்க இதுவே உரைகல்லாயிற்று. அமெரிக்க அரசினர் தம் எழுத்து மைக்கு இதிற் பாதி வலிமையை விதித்தனர்.

ஊற்றுப் பேனா செய்த மாற்றம்

1884இல் லூயி வாட்டர்மேன் ஊற்றுப் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். தொட்டெழுதும் பேனாவில் முள் தேய்ந்தால் மாற்றிவிடலாம். ஊற்றுப் பேனாவிலோ மை நாள் முழுதும் உள்ளேயே தங்குகிறது. இரும்பு மையின் அமிலம் உலோகத்தை அரிக்கும். கசடு நுண்ணிய வழியை அடைக்கும். எனவே மை செய்வோர் இரும்பைக் குறைத்துச் சாயத்தைக் கூட்டினர். 1922இல் ஷீபர் நிறுவனம் ‘ஸ்கிரிப்’ என்னும் மையையும், 1931இல் பார்க்கர் நிறுவனம் ‘குவிங்க்’ என்னும் மையையும் ஊற்றுப் பேனாவுக்கென்றே வெளியிட்டன. விரைவு என்று பொருள்படும் ‘குவிக்’, மை என்று பொருள்படும் ‘இங்க்’ ஆகிய இரண்டையும் இணைத்துப் புனைந்த பெயர் அது.

பள்ளிச் சிறுவர் சட்டையில் மை கொட்டினால் துவைத்துப் போக்க வேண்டுமல்லவா? அதன் பொருட்டுக் கழுவினால் நீங்கும் நீல மை வந்தது. இங்கேதான் பெயர்க் குழப்பம் பெருகியது. பெலிக்கானின் ‘ராயல் புளூ’ எளிதில் அழிக்கத்தக்கது. பார்க்கர் நிறுவனத்தாரோ ‘பெர்மனென்ட் ராயல் புளூ’ என ஒன்றை விற்றனர். ஒருவர்க்கு அழியும் நீலம். மற்றவர்க்கு நிலைக்கும் நீலம். இரண்டுக்கும் அரச நீலம் என்றே பெயர்!

கருநீலத்திற்கும் அக்கதியே நேர்ந்தது. இரும்பு இருந்தமையால் ஏற்பட்ட பெயர், இரும்பு நீங்கிய பின்னரும் நின்றுவிட்டது. கறுப்புச் சாயமும் நீலச் சாயமும் கலந்து, அம்மாற்றத்தின் இடைநிலை நிறத்தைப் போல் ஒரு தோற்றத்தை உண்டாக்கி, அதற்கும் கருநீலம் என்றே பெயரிட்டனர். பெலிக்கான் கருநீலத்தில் இன்றும் சிறிது இரும்பு உண்டு. லாமி நிறுவனத்தின் புட்டிக் கருநீலத்தில் முன்பு இரும்பு இருந்தது. சில ஆண்டுகட்கு முன் அது நீக்கப்பட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. வாங்குவோர் கண்ணுக்கு வேறுபாடு சிறிது. தாளுக்கோ அது பெரிது.

சுதேசி மை

வங்கப் பிரிவினையை ஒட்டி 1905இல் எழுந்த சுதேசி இயக்கம், எழுதும் மையையும் விட்டுவைக்கவில்லை. 1906இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கழகம் கண்ட அதே உணர்வு, சிறு பொருள்களிலும் செயற்பட்டது. அயலான் மையைத் தொட்டு அயலாட்சியை எதிர்த்து எழுதுவது எங்ஙனம் என்னும் வினா எழுந்தது. 1931இல் பம்பாயில் தாண்டேகர் சகோதரர்கள் ‘குதிரை மார்க்’ மைத்தூளும் மைவில்லைகளும் செய்து விற்கத் தொடங்கினர். நீரிற் கரைத்தால் மை. பின்னாளில் ‘கேமல்’ மையாகவும் ‘கேம்லின்’ நிறுவனமாகவும் வளர்ந்தது அதுவே. ஆந்திரத்து ராஜமகேந்திரவரத்தில் கே. வி. ரத்னம் என்பார் சுதேசிப் பேனா செய்ய, 1935இல் காந்தியடிகள் அதனைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்.

நம்மை ஆதரிக்கும் இவ்வங்க நாட்டின் பங்கு தனிச் சிறப்புடையது. காந்தியடிகளின் விருப்பத்தை ஏற்று, பெங்கால் கெமிக்கல்ஸ் நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய வேதியியலார் சதீஷ் சந்திர தாஸ்குப்தா சுதேசி மைக்கு வழிமுறை வகுத்தார். 1934இல் ராஜ்ஷாஹியில் மைத்ரா சகோதரர்கள் ‘சுலேகா’ என்னும் பெயரில் அதனைத் தொழிலாக்கினர். பின்னர் அத்தொழில் கல்கத்தாவின் ஜாதவ்பூருக்கு வந்தது. அங்குள்ள நாற்சந்தி ஒன்று இன்றும் ‘சுலேகா மோட்’ என்றே வழங்குகிறது. ஒரு மைப்புட்டி தன் பெயரை ஒரு தெருவுக்கு ஈந்தமை வேறெங்கும் எளிதில் காணக்கூடியதன்று. பந்துமுனைப் பேனா பெருகி, தொழில் நலிந்து, 1980களின் இறுதியில் சுலேகா மூடப்பட்டது. 2006இல் மீண்டும் திறக்கப்பெற்று, 2020இல் மையையும் மறுபடி வெளியிட்டது.

விடுதலை பெற்ற இந்தியாவின் தர நிர்ணய நிறுவனத்தார் இப்பெயர்க் குழப்பத்தை அறிந்தே செயற்பட்டனர் எனலாம். அவர்கள் மையை நிறத்தால் மட்டும் பகுக்கவில்லை, பொருளால் பகுத்தனர். இரும்பும் துவர்ப்புச் சத்தும் கூடிய ஊற்றுப் பேனா மைக்குத் தர எண் 220. அதில் இரும்பு நூற்றுக்கு 0.1 பங்கு. சாயத்தால் மட்டும் ஆகிய மைக்குத் தர எண் 1221. முன்னர்க் கூறிய ஜெர்மானிய அளவுகோலில் அன்னபேதி லிட்டருக்கு 30 கிராம். அதிலுள்ள இரும்பு ஏறக்குறைய 6 கிராம், அதாவது நூற்றுக்கு 0.6 பங்கு. ஆகவே நம் ஊற்றுப் பேனா மையின் இரும்பு அதில் ஆறிலொரு பங்கே. பேனாவும் கெடாமல், எழுத்தும் அழியாமல் இருக்க வகுத்த நடுவழி அது.

தாள் கூறும் சான்று

இவையெல்லாம் நூலறிவு. இனிக் கண்ணாற் கண்டதைக் கூறுவோம். 1978 செப்டம்பரில் மேதினிபூர் மாவட்டத்தைச் சூழ்ந்த வெள்ளத்தை நம் காலனி முதியோர் இன்றும் நினைவுகூர்வர். அவ்வெள்ளத்தில் நனைந்த தகரப் பெட்டி ஒன்றிலிருந்த தாள்களைப் பல்லாண்டு கழித்து யாம் பார்க்க நேர்ந்தது. ஊரிலிருந்து வந்த கடிதங்கள் ஒரு கட்டு. ஒரே காலத்தன, ஏறத்தாழ ஒரே நிறத்தில் எழுதப்பெற்றவை. ஆயினும் சிலவற்றில் எழுத்து பழுப்பேறிய கறுப்பாக நின்றது. நீர்க்கறை எழுத்தின் மேலேயே ஓடியிருந்தும் ஓரெழுத்தும் சிதையவில்லை. வேறு சிலவற்றில் நீலமேகம் படர்ந்தாற்போன்ற கறையன்றி வேறொன்றும் இல்லை. பெட்டிக்குரிய அம்மையார், தம் தாய் எழுதுவித்த கடைசிக் கடிதம் இந்த நீலக் கறைகளுள் ஒன்று என்றார். எது என்று அவருக்கும் தெரியவில்லை.

அலுவலகத்திலும் இதுவே நிலை. பணிப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை ரயில்வேயில் அண்மை ஆண்டுகளில் நடைபெற்றது. ஓர் அலுவலகத்தில் அப்பணியின்போது யாம் கண்டது இது: ஐம்பதாண்டுக்கு முந்திய பக்கம் தெளிவாகப் படியெடுக்கப்பெற்றது, அதன்பின் இருபதாண்டு கழித்து எழுதிய பக்கமோ வெற்றுத் தாள்போல் வந்தது. முன்னது இரும்பு மை. பின்னது வெளிறிய நீலம். வெளிறிய பக்கத்தில் இருந்தது மனைவியின் பெயரும் பிறந்த நாளும். குடும்பப் பென்ஷனுக்கு அவ்விரண்டுமே உயிர்நாடி. வெளிறிய நீலம் படக்கருவிக்கு எளிதில் அகப்படாது என்பது புதிய செய்தியுமன்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்களின் கடிதங்களைச் சிறு படச்சுருளில் எடுத்து அனுப்பிய நாளிலேயே, பார்க்கர் நிறுவனம் ‘மைக்ரோபிலிம் பிளாக்’ என்னும் தனிக் கறுப்பு மையை வெளியிட்டது.

இரும்பு மைக்குக் குறையே இல்லை என்று கூறுவோமல்லோம். இரும்பும் அமிலமும் மிகுந்த பழைய மை தாளையே அரித்துவிடும். இசைமேதை பாக் தம் கையால் எழுதிய இசையேடுகள் பெர்லின் நூலகத்தில் இங்ஙனம் துளைபட்டு, பெருமுயற்சியால் காக்கப்பெற்றன. மிகினும் கேடு, குறையினும் கேடு. அளவறிந்து செய்த மையே நன்மை தரும். இங்கிலாந்திலும் வேல்சிலும் திருமணப் பதிவேடுகள் 2021ஆம் ஆண்டு மே மாதம் கணினி முறைக்கு மாறும் வரையில், பதிவாளர் மை எனப்படும் இரும்புக் கருநீலத்தினாலேயே எழுதப்பெற்று வந்தன என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

நாமே செய்து பார்க்கும் சோதனை

கடைக்காரர் சொல்லையோ புட்டியின் அழகையோ நம்பாமல், நம் பிள்ளைகளைக் கொண்டே மையைச் சோதிக்கலாம். வெவ்வேறு நிறுவனத்தாரின் கருநீல மைகளால் ஒரே தாளில் ஒவ்வொரு வரி எழுதி, வரியின் முன்னே நிறுவனத்தின் பெயரைப் பென்சிலால் குறித்திடுக. ஒருநாள் கழித்து வரிகளின் ஒரு முனையில் நீர்த்துளி விட்டு, கால் மணி நேரம் சென்று ஒற்றி எடுத்திடுக. சாயமை கரைந்து விலகும்; இரும்பு மையில் நீலம் சிறிது விலகினும் கறுப்பு வரி நிற்கும். பின்னர் அத்தாளின் மறுபாதியை அட்டையால் மறைத்து, வெயில் படும் சன்னலில் இரண்டு திங்கள் வைத்திடுக. மறைத்த பாதியையும் திறந்த பாதியையும் ஒப்பிட்டால் ஒவ்வொரு மையின் குணமும் விளங்கும். மை ஒற்றும் தாளில் ஒரு துளி மையிட்டு, அதன் நடுவே நீர் சொட்டினால், கலந்த சாயங்கள் வளையம் வளையமாகப் பிரிந்து காட்சி தரும். பள்ளி ஆசிரியர் கற்பிக்கும் வேதியியலுக்கு இது நல்ல துணையாகும்.

இச்சோதனையால் எந்த மையையும் இழித்துரைப்பது எம் நோக்கமன்று. கழுவினால் நீங்கும் நீலம் பள்ளிக் குழந்தைக்கு ஏற்றது. மயிற்கழுத்து நீலம் நண்பர்க்கு எழுதும் வாழ்த்துக்கு அழகு. ஒவ்வொன்றும் தன் இடத்தில் சிறந்ததே. ஆயின் பிறப்பு, இறப்பு, திருமணம், வாரிசு ஆகியவற்றை எழுதும்போது, ‘இது எத்தகைய கருநீலம்?’ என்று ஒருமுறை கேட்டறிதல் வேண்டும். இரும்புக் கருநீலம் கிடைப்பின் அதனைக் கொள்க. பேனாவை மட்டும் வாரம் ஒருமுறை நீரால் கழுவி வருக. வீட்டில் உள்ள பழைய ஏடுகளில் நீலம் வெளிறத் தொடங்கியிருப்பின், படிக்க முடிகின்ற இன்றே அவற்றைப் படியெடுத்து வைத்திடுக. பணியிலிருப்போர் தத்தம் பணிப் பதிவேட்டில் குடும்ப விவரப் பக்கம் தெளிவாக உள்ளதா எனக் கேட்டுப் பார்ப்பது, ஓய்வு பெறும் நாளுக்குக் காத்திராமல் செய்யத்தக்க கடமை.

நாம் இம்மண்ணுக்கு வந்த கதையை எழுதியோர் பெருங்கவிஞரல்லர். பெயர்ப் பட்டியலும் சம்பளப் பட்டியலும் எழுதிய குமாஸ்தாக்களே. அவர்கள் எழுதிய வரிகளுள் இன்று நிற்பவை, நல்ல மையால் எழுதப்பெற்றவை.